பொட்டு வைத்த நட்டு

தருமன் கடையில் சட்டம் ஒன்றே ஒன்றுதான். பொட்டு வைக்காத நட்டோடு எந்த வண்டியும் கடையை விட்டு இறங்கக் கூடாது.

ஆரணியிலிருந்து போளூர் போகும் சாலையில், நெசவுக்காரத் தெரு வந்து முட்டுகிற முனையில் அந்தக் கடை. மேலே தகரக் கூரை, முன்னால் காற்றடிக்கிற மிஷின், ஓரத்தில் ஆள் உயரத்துக்கு அடுக்கின பழைய டயர்கள். கடைக்குப் பின்னாலேயே வீடு, வீட்டுக்குள் ஒரு தறி. தறியில் உட்காருகிறவள் அவன் பெண்டாட்டி குணசுந்தரி. பெரிய வண்டி வந்து நின்றால் தறியை விட்டு எழுந்து வந்து ஸ்பேனர் பிடிப்பாள். வேலை முடிந்ததும் கையைச் சீயக்காய் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் திரும்பப் பட்டு நூலைத் தொடுவாள். கரி பட்ட சேலையை எந்த முதலாளியும் வாங்க மாட்டான்.

பொட்டு வைக்கிற வழக்கம் அவள் சொல்லி வந்ததுதான். கடை போட்ட முதல் வருஷம், நெல் ஏற்றிப் போன லாரி ஒன்று பாதி வழியில் சக்கரம் ஆடித் திரும்பி வந்தது. ஒரு சக்கரத்துக்குக் கடைசி முறுக்கு போடாமல் விட்டிருந்தான் தருமன். டிரைவர் அவனுடைய ஏழு தலைமுறையையும் நடுரோட்டுக்கு இழுத்துத் திட்டிவிட்டுப் போனான். தருமனுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. குணசுந்தரிதான் சாமி மாடத்துக் குங்குமத்தை ஒரு தகர டப்பாவில் கொட்டி, நல்லெண்ணெய் விட்டுக் குழைத்துக் கொண்டுவந்து வைத்தாள்.

“முறுக்கி முடிச்ச நட்டுக்கு ஒரு பொட்டு வெய்யி. வெக்காதது தானா கண்ணுல பட்டுடும். எண்ண போட்டது, தண்ணி பட்டாலும் போவாது.”

இருபத்திரண்டு வருஷமாக அதுதான் நடக்கிறது. “இன்னா தருமா, என் வண்டிய பொண்ணு பாக்க கூட்டிகினு போறியா?” என்று டிரைவர்கள் கேலி செய்வார்கள். கேலி செய்கிறவர்களே வந்தவாசியிலிருந்துகூட வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து அவனிடம்தான் சக்கரம் மாட்டிக்கொண்டு போவார்கள். பொட்டைப் பார்த்துவிட்டால் அவர்களுக்கும் ஒரு தைரியம்.

கோகுல்ராஜ், தருமனின் அக்கா புஷ்பலதாவுக்கு ஒரே மகன். அக்கா வீடு இரண்டு தெரு தள்ளி. அவள் புருஷன் அய்யாக்கண்ணு அரிசி மண்டி வைத்திருக்கிறார். தருமனுக்கும் குணசுந்தரிக்கும் பிள்ளை இல்லை. அதனால் கோகுல் இரண்டு வீட்டுக்கும் பிள்ளை, அங்கே வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு இங்கே வந்து, “அத்த, இன்னா கொழம்பு?” என்று சட்டியைத் திறந்து பார்க்கிற பிள்ளை. மூட்டை ஏற்றுவதற்காக அப்பன் வாங்கிக் கொடுத்த பிக்கப்பை அவன் இரண்டு வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாக மலை வண்டியாக மாற்றி வைத்திருந்தான். முன்னால் இரும்புக் கம்பி, கூரைமேல் நாலு விளக்கு, கம்பெனி சக்கரத்துக்குப் பதிலாக அகலமான அலாய் சக்கரம், அதில் பல் பல்லாகக் கட்டை வைத்த மட் டயர். ஞாயிற்றுக்கிழமையானால் ஜவ்வாது மலைக்குப் போய்ச் சேற்றிலும் ஓடையிலும் வண்டியை இறக்கி ஏற்றிவிட்டு, மண்ணில் குளித்த எருமை மாதிரி திரும்பி வருவான். அதில் என்ன இன்பமோ, அவனைத்தான் கேட்க வேண்டும்.

அந்த வாரம் வண்டிக்கு எஃப்.சி., ஆர்.டி.ஓ. ஆபீஸ் தகுதிச் சோதனை. அகலச் சக்கரத்தோடு போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். விளக்கையும் கம்பியையும் அவனே கழற்றிக்கொண்டான். சக்கரத்துக்கு மாமன்தான். வியாழக்கிழமை அலாயைக் கழற்றிக் கம்பெனி சக்கரம் மாட்டினான் தருமன். வெள்ளிக்கிழமை எஃப்.சி. முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் வண்டி மறுபடியும் கடைவாசலில் நின்றது.

“ஒரே வாரத்துல ரெண்டு வாட்டி கழட்டி மாட்டணும். மூட்ட ஏத்தற வண்டிக்கு இன்னாத்துக்குடா யானக் காலு?” என்றான் தருமன், ஜாக்கியை அடியில் தள்ளிக்கொண்டே.

“மலைக்கி வந்து பாரு மாமா. கம்பெனி சக்கரம் சேத்துல பூந்துச்சின்னா அங்கயே குடும்பம் நடத்த வேண்டியதுதான்.”

“நீ மொதல்ல குடும்பம் நடத்தற வழிய பாரு. ஒங்கம்மா ஜாதகத்த தூக்கிகினு செய்யாறு, வெம்பாக்கம்னு சுத்திகினு கீது.”

“வர்ற பொண்ண இந்த வண்டியில ஏத்திகினு மலைக்கி போவேன். ஏறமாட்டேன்னு சொல்லிச்சின்னா வோணாம்.”

“ஏறதுக்கே ஏணி வெக்கணும் ஒன் வண்டியில. தள்ளு, வெளிச்சத்த மறைக்கிற.”

குணசுந்தரி வீட்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். “கோகுலு, இட்லி கீது, வேர்க்கல்ல சட்டினி அரைச்சிக்கிறேன். துன்னுட்டு போ. நான் பாவு கிட்ட போவணும்.”

அன்றைக்கு அவளுடைய புதுப் பாவு தெருவில் நீட்டியிருந்தது. விடியற்காலையிலேயே தெரு நீளத்துக்குக் குச்சி ஊன்றி, பட்டு இழைகளை இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டுவிட்டிருந்தார்கள். இனி வெயில் வந்து அது காய வேண்டும். ஐப்பசி மாசத்தில் வெயிலை நம்பிப் பாவு போடுகிறவர்களுக்கு நெஞ்சுறுதி வேண்டும். அல்லது முதலாளி நெருக்க வேண்டும். குணசுந்தரிக்கு இரண்டாவதுதான்.

தருமன் வேலையில் அவசரம் இருக்காது. அலாய்க்கு வேறு நட்டு, இரும்புச் சக்கரத்துக்கு வேறு நட்டு. இரண்டையும் தனித்தனி டப்பாவில் டீசலில் ஊறப்போட்டு வைத்திருப்பான். சக்கரத்தைத் தூக்கி மாட்டி, ஆறு நட்டையும் முதலில் விரலால் திருகுவான். பிறகு ஸ்பேனரால் எதிர் எதிராக ஒரு சுற்று. பிறகு ஜாக்கியை இறக்கி, சக்கரம் தரையில் நன்றாக உட்கார்ந்ததும், ஸ்பேனரில் நீளமான பைப்பைச் சொருகி உடம்பு முழுவதையும் போட்டு அழுத்துவான். அதுதான் கடைசி முறுக்கு. நட்டு ‘க்ரீச்’ என்று ஒரு சத்தம் போடும். உடனே டப்பாவில் விரலைத் தொட்டுப் பொட்டு.

முன் சக்கரம் இரண்டும் முடிந்தன. பின்னால் வலது பக்கமும் முடிந்தது. அதற்குள் புஷ்பலதா பூசைத் தட்டோடு வந்து சேர்ந்தாள். எஃப்.சி. நல்லபடியாக முடிந்ததற்கும் மலைப் பயணத்துக்கும் சேர்த்து ஒரு பூசை. நாலு எலுமிச்சம்பழம், கற்பூரம், மஞ்சள், குங்குமம் எல்லாம் தட்டில் இருந்தன.

“தருமா, ஜல்தியா முடி. நல்ல நேரம் முடியறதுக்குள்ள வண்டி கெளம்பணும்.”

“ஒண்ணுதாங்க்கா பாக்கி. ஒன் புள்ள பேசிப்பேசியே பாதி நேரம் போயிடுச்சி.”

பின் இடது சக்கரத்தை ஸ்பேனரால் ஒரு சுற்று முறுக்கி ஜாக்கியை இறக்கினான். பைப்பைக் கையில் எடுத்தான். அப்போதுதான் தெருவுக்குள்ளிருந்து குணசுந்தரியின் குரல் கேட்டது.

“தூத்தல்! தூத்தல்! பாவு... ஓடியாங்க!”

நெசவுக்காரத் தெருவில் அந்தச் சத்தம் கேட்டால் யாரும் யோசிக்க மாட்டார்கள். சோறு தின்கிறவன் எச்சில் கையோடு ஓடுவான். பேசாத பங்காளியும் வந்து ஒரு பக்கம் பிடிப்பான். கஞ்சி போட்ட பட்டில் மழை விழுந்தால் மூன்று சேலைப் பாவும் ஒன்றோடொன்று ஒட்டிச் சடை விழுந்துவிடும்; மூன்று மாதச் சோறு போய்விடும். தருமன் பைப்பைச் சக்கரத்தின்மேல் சாய்த்துவிட்டு ஓடினான். கோகுல் வாயில் இட்லியோடு அவனுக்கு முன்னால் ஓடினான். பத்துப் பன்னிரண்டு பேர் பாவை ஒரே சீராகக் கையில் ஏந்தி, யாரும் முன்பின் போகாமல், பெரிய வீட்டுக்காரர் வண்டிக் கொட்டகைக்குள் நடத்திக்கொண்டு போனார்கள். “மெதுவா... மெதுவா... கோகுலு, ஒன் பக்கம் தூக்கு” என்று குணசுந்தரி கத்திக்கொண்டே வந்தாள்.

கடையில் புஷ்பலதா மட்டும் தகரத்துக்கு அடியில் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள்.

மழை நாலு சொட்டுப் போட்டு ஊரையே ஓடவைத்துவிட்டுப் போய்விட்டது. தருமன் கைநிறையக் கஞ்சியோடு திரும்பி வந்தபோது கோகுலின் போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

“மாமா, மலைக்கி கூட வர்ற பிரபாகரன் போளூர்ல நின்னுகினு கத்தறான். முடிஞ்சிதா?”

தருமன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். முன் சக்கரம், பொட்டு. பின் வலது, பொட்டு. பின் இடது பக்கம் வந்து குனிந்து பார்த்தான். ஆறு நட்டிலும் பொட்டு. சாய்த்து வைத்த பைப்பை எடுத்து மூலையில் போட்டான்.

“முடிஞ்சுதுடா. கெளம்பு. மலையில பாத்து போ.”

புஷ்பலதா கற்பூரம் காட்டினாள். நாலு எலுமிச்சம்பழமும் நசுங்கின. கோகுல் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, “அத்த, ராத்திரிக்கி கறி எடுத்து வெய்யி” என்று சொல்லிவிட்டுப் போனான்.

பன்னிரண்டரை மணிக்குப் போன் வந்தது.

மட் டயர் போட்ட வண்டி எப்போதும் உம்மென்று ஒரு சத்தம் போட்டுக்கொண்டேதான் போகும். அந்தச் சத்தத்தில் வேறு சத்தம் காதில் ஏறாது. “கடகடன்னு ஒண்ணு கேட்டுகினு இருந்துச்சிண்ணா, டயரு சத்தம்னு நெனச்சிட்டோம்” என்று அழுதான் பக்கத்தில் உட்கார்ந்து போன பிரபாகரன். மலைப்பாதை வளைவில் பின் இடது சக்கரம் தனியாகக் கழன்று வண்டிக்கு முன்னால் உருண்டு போவதை இரண்டு பேரும் பார்த்திருக்கிறார்கள். “இன்னாடா அது, நம்ம சக்கரமா?” என்று கோகுல் கேட்டிருக்கிறான். அதுதான் அவன் பேசின கடைசிப் பேச்சு. வண்டி பள்ளத்தில் மூன்று சுற்றுச் சுற்றியது. பிரபாகரனுக்குக் கை முறிந்தது. கோகுலைத் துணியில் சுற்றித்தான் கொண்டுவந்தார்கள்.

மறுநாள் தருமன் மருமகனுக்குப் போட மாமன் கோடியோடு அக்கா வீட்டு வாசலில் போய் நின்றான். பிணத்தின்மேல் விழுந்து கிடந்த புஷ்பலதா எழுந்து வந்தாள். அவன் கையிலிருந்த புது வேட்டியைப் பிடுங்கித் தெருவில் எறிந்தாள்.

“சக்கரத்த முறுக்காம அனுப்பிட்டு கோடி எடுத்துகினு வந்துக்கிறியா? ஒரே ஒரு புள்ளடா! ஒன்ன நம்பித்தானடா வுட்டேன்! இனிமே எனக்கு பொறந்த வீடும் இல்ல, தம்பியும் இல்ல. போடா!”

ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. தருமன் சேற்றில் கிடந்த வேட்டியைப் பொறுக்கி மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு திரும்பினான். தூக்குகிறவரைக்கும் தெருமுனையில் நின்றான். கிட்டே போகவில்லை.

அதற்குப் பிறகு கடைக்கு ஒரு வண்டியும் வரவில்லை. வந்தாலும் தருமன் தொட்டிருக்க மாட்டான். சும்மா உட்கார்ந்து உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருப்பான்.

“பொட்டு இருந்துச்சிமே. நான் குனிஞ்சி பாத்தன். ஆறுலயும் இருந்துச்சி.”

“இருந்துச்சின்னா முறுக்கித்தான இருப்ப?”

“முறுக்கின மாதிரி ஞாபகம் இல்ல. பொட்டு வெச்சதும் ஞாபகம் இல்ல. ஆனா பொட்டு இருந்துச்சி. அப்ப என் கையில வலுவு பூட்டுதா? இத்தினி வருசம் முறுக்கினதெல்லாம் இப்பிடித்தானா?”

கரைத்த கேழ்வரகுக் கூழ் சொம்பிலேயே ஏடு படிந்து கிடந்தது.

ஒன்பதாம் நாள் அய்யாக்கண்ணு வந்தார். வாசலில் நின்றபடியே, கடையின் உள்ளே பார்க்காமல் பேசினார்.

“வண்டிய ஸ்டேசன்ல இருந்து எடுத்துகினு போவ சொல்றாங்க. ரொம்ப வேகமா போனதால கவுந்துச்சின்னு எழுதிட்டாங்க, கேசு ஒண்ணும் இல்ல. ஆனா டயரெல்லாம் கிழிஞ்சி கெடக்குது, உருட்டி ஏத்தணும்னா நாலு சக்கரம் வோணும். கம்பெனி சக்கரம் ஒன் கிட்டதான கீது?”

“நாலும் கீது மாமா.”

“வந்து மாட்டிக் குடு. ஒங்கக்காவுக்கு தெரிய வோணாம்.” கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தார். “வேற ஆள கூப்ட மனசு வரல தருமா” என்றார்.

சக்கரங்களை வாடகை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனபோது குணசுந்தரியும் கூடப் போனாள். அவனைத் தனியாக அனுப்ப அவளுக்குப் பயம். மலையடிவாரத்து ஸ்டேஷன் பின்பக்கம், புங்கமரத்துக்கடியில் பிக்கப் கூரை நசுங்கி நின்றது. மூன்று சக்கரம் வண்டியில் இருந்தன. நாலாவதை எங்கிருந்தோ தேடி எடுத்து வந்து பின்னால் தூக்கிப் போட்டிருந்தார்கள். உள்ளே ஒரு செருப்புக் கிடந்தது. குணசுந்தரி அதை எடுத்து முந்தானையில் துடைத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

தருமன் வேலையைத் தொடங்கினான். முன் சக்கரத்து நட்டில் ஸ்பேனரை மாட்டி அழுத்தினான். அசையவில்லை. பைப்பைப் போட்டு இரண்டு பேரும் சேர்ந்து ஏறி மிதித்த பிறகுதான் ‘க்ரீச்’ என்று இளகியது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அவன் முகத்தில் ஒரு மாற்றம். வலது பின் சக்கரமும் அப்படித்தான். மூன்று சக்கரத்துப் பதினெட்டு நட்டும் அவன் விட்டபடியே இருந்தன. எண்ணெய்ப் பொட்டு, மலை மழையில் நனைந்தும், கறுத்துப் போய் ஒட்டிக்கொண்டிருந்தது.

“கையில வலுவு கீதுமே” என்றான்.

“அந்தச் சக்கரத்த பாரு” என்றாள் அவள்.

தனியாகக் கிடந்த அலாயை இரண்டு பேருமாக இறக்கினார்கள். ஐந்து துளை காலி. ஆறாவது துளையின் ஆழத்தில், நட்டு ஏறுகிற ஸ்டட் கம்பி முறிந்த துண்டோடு ஒரு நட்டு சிக்கிக்கொண்டிருந்தது. தருமன் சுத்தியலால் பின்பக்கம் இரண்டு தட்டுத் தட்டினான். நட்டு குணசுந்தரியின் உள்ளங்கையில் வந்து விழுந்தது.

அதன் தலையில் மஞ்சள் பூசியிருந்தது. மஞ்சளின்மேல் உலர்ந்த குங்குமத் தூள் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. எண்ணெய் இல்லை.

அவள் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“நாம மஞ்ச வெக்கறது இல்லியே” என்றாள் குணசுந்தரி.

தருமன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். தட்டோடு நின்றுகொண்டிருந்த அக்கா அவன் கண்ணுக்கு முன்னால் வந்தாள். மூன்று சக்கரத்தில் பொட்டு இருக்கிறது, ஒன்றில் இல்லை. அக்காவுக்கு அது முறுக்கின அடையாளம் இல்லை, பூசைப் பொட்டு; தம்பி வைக்க மறந்துவிட்டான் என்று நினைத்திருப்பாள். பிள்ளை போகிற வண்டி வெறும் நெற்றியோடு போகலாமா என்று, தன் கையாலேயே ஆறு நட்டுக்கும் மஞ்சள் குங்குமம் வைத்திருக்கிறாள். அவன் வந்து பார்த்தது அதைத்தான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டம் இல்லை. குணசுந்தரி நட்டை முந்தானையில் முடிந்துவைத்திருந்தாள்.

“நேரா அண்ணி வூட்டுக்கு போலாம். இத காட்டிட்டு வரலாம்.”

“வோணாம்.”

“இன்னா வோணாம்? ஊரே ஒன் மூஞ்சியில துப்புது. தப்பு ஒன் மேல இல்லன்னு தெரியட்டும்.”

“அக்கா மேலன்னு தெரியட்டுமா? நீ வெச்ச பொட்டுதான் ஒன் புள்ளைய கொன்னுச்சின்னு போய் சொல்லச் சொல்றியா? அப்பறம் அது ஒரு நாளு உசுரோட இருக்குமா?”

“அதுக்கு நீ சாவணுமா?”

“தப்பு என் மேலதான்மே. அது வெச்சது பொட்டு. முறுக்க வேண்டியவன் நானு. கையால தொட்டு பாக்காம பொட்ட நம்பிட்டன். இருவது வருசமா நட்ட பாக்கறதில்ல நானு, பொட்டத்தான் பாக்கறேன்.”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பொட்டு வைக்கச் சொன்னவள் அவள்தான் என்பதை அவன் சொல்லவில்லை. சொல்லாததுதான் அவளுக்குச் சுட்டது.

பன்னிரண்டாம் நாள், பழைய லாரி ஒன்று பஞ்சர் என்று வந்தது. வெளியூர் வண்டி, விஷயம் தெரியாதவன். டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தான். குணசுந்தரி தறியிலிருந்து எழுந்து வந்து பார்த்தபோது லாரி ஜாக்கியில் நின்றுகொண்டிருந்தது. ஜாக்கி நழுவினால் வண்டியைத் தாங்க வைக்கிற இரும்பு ஸ்டாண்டு மூலையிலேயே கிடந்தது. தருமன் அச்சுக்கு நேர் கீழே மல்லாக்கப் படுத்திருந்தான். கையில் ஸ்பேனர் இல்லை. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா படுத்திருந்தான்.

அவள் கத்தவில்லை. இரண்டு காலையும் பிடித்து வெளியே இழுத்தாள். பிறகு அவன் மார்பில் இரண்டு கையாலும் அடித்தாள்.

“இன்னாய்யா பண்ற? இன்னா பண்ணிகினு இருந்த?”

“ஜாக்கி நழுவுதான்னு பாத்துகினு இருந்தன்.”

“நழுவினா?”

“நழுவல” என்றான்.

அன்று முழுக்க அவள் அவனை விட்டு நகரவில்லை. சாயங்காலம் அவனே சொன்னான்: “காரியத்தன்னிக்கி பொறந்த வீட்டு கோடி போடணும். அக்கா அத மட்டும் வாங்கிகிச்சின்னா போதும். வாங்கலன்னா நான் இன்னாத்துக்குமே இருக்கணும்?”

குணசுந்தரி முடிவு செய்துகொண்டாள். காரியத்தன்று புஷ்பலதா கோடியை வாங்கினால் சரி. தூக்கி எறிந்தால் நட்டை எடுத்து எல்லோர் முன்னாலும் போட்டுவிடுவது. நாத்தனார் உயிரா, புருஷன் உயிரா என்றால் அவளுக்கு யோசிக்க ஒன்றும் இல்லை.

பதினாறாம் நாள் காலையில் நாகநதிக்கரையில் சடங்கு முடிந்து எல்லோரும் வீட்டுக்கு வந்தார்கள். வாசலில் பந்தல். பந்தலுக்கு வெளியே பெரிய அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. நடுவீட்டில் கோகுலின் படம், மாலை, அவனுக்குப் பிடித்த பலகாரம். படத்துக்குப் பக்கத்தில் புஷ்பலதா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பதினாறு நாளில் பாதி உடம்பாகிவிட்டாள். எதிர்ச்சுவர் ஓரம் பிரபாகரன், கட்டுப்போட்ட கையோடு.

தருமன் தாம்பாளத்தில் சேலையை வைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றான். குணசுந்தரி அவனுக்குப் பின்னால் நின்றாள். முந்தானை முடிச்சு அவள் கைக்குள் இருந்தது.

புஷ்பலதா நிமிர்ந்து பார்த்தாள். கத்துவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவளுக்குக் கத்துவதற்குத் தெம்பு இல்லை.

“யார்ரா இவன உள்ள வுட்டது” என்றாள். பிறகு படத்தைப் பார்த்துத் தனக்குத்தானே பேசுவது போலப் பேசினாள். “நான் இன்னா கொற வெச்சேன்? பழம் வெச்சேன், கற்பூரம் காட்டினேன். நாலு சக்கரத்துல ஒண்ணு மூளியா நின்னுகினு இருந்துச்சி. இவன் மறந்துட்டு ஓடிட்டான். என் புள்ள போற வண்டி மூளியா போலாமான்னு, இந்தக் கையாலதான் மஞ்ச வெச்சி குங்குமம் வெச்சேன். ஒவ்வொண்ணா வெச்சேன். அந்த ஒண்ணுதான் எனக்கு ஆறுதலா கீது. ஆத்தாவ நெனச்சி நான் வெச்சனுப்பின பொட்டோடதான் போனான் என் புள்ள.”

பிரபாகரன் தலையை நிமிர்த்தினான். வண்டி ஓட்டுகிற பையன். தருமன் கடைச் சட்டம் அவனுக்கும் தெரியும். அவன் முகம் மெல்ல மாறியது. தருமனைப் பார்த்தான், புஷ்பலதாவைப் பார்த்தான்.

“எந்தச் சக்கரத்துக்கும்மா வெச்சீங்க?” என்று கேட்டான்.

“பின்னால, இந்தப் பக்க...”

“அண்ணி!” என்றாள் குணசுந்தரி.

வீடே திரும்பிப் பார்த்தது. அவள் புருஷனைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து நடுவீட்டில் நின்றாள்.

“ஒங்க தம்பி மேல தப்பில்ல அண்ணி. கடைசிச் சக்கரத்துக்கு பைப்பு போட்டு முறுக்கறது என் வேல. அது மூணு முறுக்கும், ஒண்ணு நான் முறுக்குவேன். அன்னிக்கி நான் முறுக்கல. பாவு நனையுதேன்னு என் வேலயே எனக்கு பெரிசா பூட்டுச்சி. முடிஞ்சிதான்னு அது கேட்டுச்சி, முடிஞ்சிதுன்னு பொய் சொன்னன். கட்டினவள காட்டிக் குடுக்கக் கூடாதுன்னு இத்தினி நாளு அது பழி சொமந்துகினு கீது.”

“குணா...” என்றான் தருமன். அவள் சொன்னது பொய் என்று சொல்ல வேண்டுமானால் நிஜம் எது என்றும் சொல்ல வேண்டும். நிஜம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது.

பிரபாகரன் குணசுந்தரியைப் பார்த்தான். அவளும் அவனைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். நல்ல பிள்ளை.

புஷ்பலதா சுவரைப் பிடித்து எழுந்தாள். கிட்டே வந்தாள். குணசுந்தரியின் வலது கையைப் பிடித்துத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தாள்.

“இந்தக் கையிலதானடீ அவன் இட்லி வாங்கி துன்னான்?”

“ஆமா அண்ணி.”

“பெத்திருந்தா தெரியும்டீ ஒனக்கு.”

அதுதான் அடி. கன்னத்தில் அறைந்தது அதற்குப் பிறகுதான். குணசுந்தரிக்கு அது வலிக்கவே இல்லை.

“போடி வெளிய. நான் செத்தாகூட நீ வரக் கூடாது” என்றாள் புஷ்பலதா. பிறகு வாசற்படியைப் பார்த்தாள். “தருமா. ஏண்டா அங்கயே நிக்கிற? ஒன்ன போயி நான்... கோடிய கொண்டாடா.”

தருமன் அசையவில்லை. குணசுந்தரி அவனைத் தாண்டிப் போகும்போது மெல்ல, “குடு” என்றாள். அவன் நடந்தான். அக்கா தம்பியைக் கட்டிக்கொண்டு அழுகிற சத்தம் பந்தல் வரைக்கும் கேட்டது. பந்தலில் இலை போட்டுக்கொண்டிருந்தவர்கள் குணசுந்தரிக்கு வழிவிட்டு ஒதுங்கினார்கள்.

தருமன் வீடு திரும்பியபோது மணி மூன்றாகிவிட்டது. அவள் அடுப்பங்கரையில் உட்கார்ந்து பழைய சோற்றைப் பிழிந்து போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“கோடி கட்டிகிச்சா?”

“கட்டிகிச்சி.”

“நீ சாப்ட்டியா?”

“அக்காதான் பக்கத்துல உக்காந்து போட்டுச்சி. வோணாம்னாலும் வுடல.”

“அது போதும்.”

“ஏன்மே அப்பிடி சொன்ன?”

“பொட்டு வெக்கச் சொன்னவ நான்தான” என்றாள். அவனுக்கு அழுகை வந்துவிட்டது. பதினாறு நாளில் அவன் அழுதது அன்றைக்குத்தான். அவள் அவனை அழவிட்டாள். சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவி வைத்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து நட்டை எடுத்து, சீயக்காய் போட்டு மஞ்சள் போகத் தேய்த்துக் கழுவி, கடையில் டீசல் டப்பாவில் மற்ற நட்டுகளோடு போட்டாள். எண்ணெய்க் குங்குமம் இருந்த தகர டப்பாவை எடுத்துச் சாக்கடையில் கவிழ்த்தாள்.

கையைக் கழுவிக்கொண்டு வந்து தறியில் உட்கார்ந்தாள். அன்றைக்கு எல்லோரும் ஓடிப்போய்க் கையில் ஏந்திக் கொண்டுபோன பாவுதான் தறியில் ஏறியிருந்தது. ஓர் இழைகூடக் கெட்டிருக்கவில்லை.